கேட்டதாகக் கருதப்படும்

கலை வளர வேண்டும் என்பதில் அரசாங்கத்துக்கு எந்தக் காலத்திலும் மாற்றுக் கருத்து இருந்ததில்லை. அது எந்தக் கட்டடத்தில் வளர வேண்டும் என்பதுதான் எப்போதும் பரிசீலனையில் இருந்துவந்தது. இசைக் கல்லூரி அரங்கத்தில் வளரலாம் என்றால், அங்கே பழுதுபார்க்கும் பணி நடந்துகொண்டிருந்தது. பணி என்றால், சாரம் கட்டியிருந்தார்கள். சாரத்தின் மேல் ஒரு வாளி இருந்தது. அந்த வாளியைப் பார்த்துக்கொண்டே பல வருஷத்து மாணவர்கள் படித்து முடித்து, கல்யாணமும் செய்துகொண்டுவிட்டார்கள்.

புல்லாங்குழல்காரர்களுக்குப் பிரச்சினை இல்லை. பூங்காவில் மரத்தடியில் உட்கார்ந்து ஊதிக்காட்டிவிட்டுப் பட்டத்தோடு போய்விடுவார்கள். பியானோவை மரத்தடிக்குத் தூக்கிக்கொண்டு போக முடியுமா? ஆனால் விதி எல்லோருக்கும் ஒன்றுதான். ‘பொதுமக்கள் கூடும் இடத்தில், பொதுமக்கள் செவியுறும் வண்ணம், செவ்வியல் இசையை நிகழ்த்திக் காட்டியவருக்கே முதுகலைப் பட்டம் வழங்கப்படும்.’

அந்த வருஷம் பியானோ முதுகலையில் மிஞ்சியவர்கள் இரண்டே பேர். ஒருவனைப் பூனை என்று கூப்பிடுவார்கள். விரல் வைப்பதே தெரியாது, அவ்வளவு பதவிசாக வாசிப்பான். இன்னொருத்திக்கு இடி என்று பெயர். ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை.

இடியின் வீட்டில் பியானோ கிடையாது. அப்பா பஞ்சர் கடை வைத்திருப்பவர். அதனால் அவள் சாப்பாட்டு மேஜையில் பழகினாள். சாயங்காலமானால் தட்டும் தம்ளரும் குதிக்க ஆரம்பித்துவிடும். கல்லூரிக்குள் பெற்றோருக்கு அனுமதி இல்லையாகையால், மகள் பியானோ வாசித்து அப்பா ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அதற்காக அவர் பெருமைப்படாமல் இருந்துவிடவில்லை.

“என் பொண்ணு பியானோ படிக்குது,” என்பார், டியூபைத் தண்ணீரில் அமுக்கியபடி.

“நல்லா வாசிக்குமா?”

“நல்லாவா? மேஜைக் கால் ஆட்டம் கண்டுபோச்சுங்க!”

இடிக்குப் பட்டம் வேண்டும்தான். ஆனால் அதைவிடப் பெரிய ஆசை ஒன்று இருந்தது. ஒரே ஒரு நாள் அப்பாவை முன்வரிசையில் உட்காரவைத்து, மேஜையில் இல்லாமல் பியானோவில் வாசித்துக்காட்ட வேண்டும்.

அந்தச் சமயத்தில் ஒரு புதிய மோஸ்தர் பரவியிருந்தது. எந்த இடமும் அதுவாக மட்டும் இருப்பது கேவலம் என்று கருதப்பட்டது. வங்கியில் ஓவியக் கண்காட்சி வைத்தார்கள். பேருந்து நிலையத்தில் பேருந்து வருகிறதோ இல்லையோ, கவியரங்கம் நேரத்துக்கு நடந்தது. வெறும் புத்தகத்தை வைத்துக்கொண்டு இன்னும் நூலகமாகவே இருந்துவந்த பொது நூலகத்துக்கு மேலிடத்திலிருந்து காட்டமாக ஓர் உத்தரவு வந்தது. ‘நூலகம் மக்களின் பண்பாட்டு மையமாகத் திகழ வேண்டும். ஆண்டு முடிவதற்குள் இசை நிகழ்ச்சி ஒன்றேனும் நடத்தப்பட வேண்டும். தவறினால் விளக்கம் கோரப்படும்.’

இடியும் பூனையும் தலைமை நூலகரைப் போய்ப் பார்த்தார்கள். அவர் வேலையில் சேர்ந்த நாள்முதல் கிசுகிசுத்தே பேசிப் பழகியவர். வீட்டிலும் அதே குரல்தான் என்பதால், சாப்பாடு கேட்டது யார் காதிலும் விழாமல் சில நாள் பட்டினியாகவே படுத்துவிடுவார் என்று பேச்சு.

“வாசிங்க, தாராளமா வாசிங்க,” என்று கிசுகிசுத்தார். “நிகழ்ச்சி நடந்தே ஆகணும்னு உத்தரவு. நீங்களா தேடி வந்தது என் அதிர்ஷ்டம்.”

“ரொம்ப நன்றி சார்,” என்றாள் இடி.

“சத்தம் மட்டும் வரக்கூடாது.”

தான் சரியாகக் கேட்கவில்லையோ என்று இடி மேஜைமேல் குனிந்தாள். “சார், நாங்க வாசிக்கப்போறது பியானோ.”

“தெரியும்மா. படத்துல பார்த்திருக்கேன். பெரிசா, கறுப்பா இருக்கும்.”

“அதுல சத்தம் வரும் சார். வந்தாத்தான் சார் அது பியானோ.”

நூலகர் சுவரைக் காட்டினார். ‘அமைதி காக்கவும்’ என்று எழுதியிருந்தது. “இதுவும் மேலிடத்து உத்தரவுதான். ரெண்டுலயும் ஒரே அதிகாரியோட கையெழுத்து. எதை நான் மீறட்டும், நீயே சொல்லு.”

“மெதுவா வாசிச்சா?” என்று பூனை குறுக்கே நுழைந்தான்.

“எவ்வளவு மெதுவா?”

“ரொம்ப ரொம்ப மெதுவா சார்.”

“பக்கத்துல இருக்கறவருக்குக் கேக்குமா?”

“லேசாக் கேக்கும்.”

“அப்ப அதுக்குப் பேரு சத்தம்,” என்றார் நூலகர், துக்கத்தோடு.

விஷயம் பியானோத் துறைப் பேராசிரியரிடம் போனது. அவர் ஓய்வு பெறுகிற தறுவாயில் இருந்தார். அந்தத் தறுவாயில் இருப்பவர்கள் எதையும் எதிர்ப்பதில்லை. “சத்தம் போட்டு வாசிக்கிறதெல்லாம் பழைய பாணிம்மா,” என்றார். “வெளிநாட்டுல எல்லாம் இப்ப யாரும் அப்படி வாசிக்கிறதே இல்லை.” எந்த வெளிநாட்டில் என்று கேட்கும் அளவுக்கு அவரிடம் யாருக்கும் உரிமை இல்லை.

கல்லூரிப் பியானோவை நூலகத்துக்குக் கொண்டுவந்து இறக்கினார்கள். அதற்குச் சுதி சேர்ப்பவர் வந்தார். கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு குட்டிச் சுத்தி எழும்பிக் கம்பியைத் தட்டும், அதில்தான் ஒலி பிறக்கிறது என்று நூலகரிடம் விளக்கினார். அப்படியானால் சுத்திகளைக் கழற்றிவிடுங்கள் என்றார் நூலகர். சுதி சேர்ப்பவர் எல்லாவற்றையும் கழற்றி ஒரு கோணிப்பையில் போட்டுக் கட்டினார். அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. சுதியே சேர்க்காமல் வேலை முடிவது அவருடைய அனுபவத்தில் அதுவே முதல் தடவை.

நிகழ்ச்சி நாளன்று படிப்புக்கூடம் நிறைந்துவிட்டது. நாற்காலிக் கால்களுக்கெல்லாம் துணி சுற்றியிருந்தார்கள். கைதட்டக் கூடாது, வேண்டுமானால் இரண்டு கையையும் உயர்த்தி ஆட்டலாம் என்று அறிவிப்புப் பலகை சொன்னது. வெளித்தேர்வாளர் ஒரு தனி மேஜைக்குப் பின்னால் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். அப்பா புதுச் சட்டை போட்டு, நகக்கண்ணில் இருந்த கறுப்பைப் பிரஷ் போட்டுத் தேய்த்துவிட்டு, முன்வரிசைக்கு வந்துவிட்டார். சுத்தி கழற்றிய கதையை அவரிடம் சொல்ல இடிக்கு மனசு வரவில்லை.

முதலில் பூனை வாசித்தான். கட்டைகளின் மேல் விரல்கள் ஓடின. கூடத்தில் மின்விசிறி மட்டும் சுற்றியது. பாதியில் பூனைக்கு அடுத்த பகுதி மறந்துபோனது. அதனால் ஒன்றும் குடிமுழுகிவிடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கையை அங்கும் இங்கும் நகர்த்தினான். சபை தலையாட்டியது.

“இடது கையில என்ன ஒரு மௌனம்!” என்று இசை விமர்சகர் ஒருவர் பக்கத்து ஆளிடம் முணுமுணுத்தார். “வலது கை அந்த அளவுக்கு இல்லை.”

அப்பாவின் முகம் மாறிக்கொண்டே வந்ததை இடி ஓரத்திலிருந்து பார்த்தாள். அவர் காதுக்குள் சுண்டுவிரலை விட்டுக் குடைந்தார். தலையை இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார். பிறகு பக்கத்தில் இருந்தவரிடம் குனிந்து, “சார், உங்களுக்குக் கேக்குதா?” என்றார்.

“ஷ்! இப்பத்தான் உச்சத்துக்குப் போறாரு.”

அப்பாவுக்கு முகம் வெளிறிவிட்டது. காலமெல்லாம் காற்றடிக்கும் யந்திரத்துக்குப் பக்கத்திலேயே நின்றதில் காது போய்விட்டது என்று முடிவு கட்டிக்கொண்டார். மகள் வாசிக்கப்போகும் நாளிலா போக வேண்டும்! அவர் கண் கலங்குவதைப் பார்த்ததும் இடிக்கு வந்த கோபம் கொஞ்ச நஞ்சமில்லை.

அவள் முறை வந்தது. உட்கார்ந்தாள். இருக்கிற ஆத்திரத்தையெல்லாம் சேர்த்துக் கட்டைகளின் மேல் இறக்கினாள். டொக், டொக், டொடொக், டொக்.

“அட!” என்று அப்பா துள்ளி எழுந்தார். “நம்ம வீட்டு மேஜையில வாசிக்குமே, அந்தப் பாட்டு! எனக்குக் கேக்குது! காது நல்லாத்தான் இருக்கு!”

பஞ்சர் கடைக் குரல். சாலையின் அந்தப் பக்கம் இருப்பவரைக் கூப்பிட்டுப் பழகியது. அலமாரி மேலிருந்த தூசி இறங்கியது.

நூலகர் குதிகால் தரையில் படாமல் ஓடிவந்தார். வெளித்தேர்வாளர் பேனாவை மூடினார். நிகழ்ச்சி அத்துடன் நிறைவுற்றதாக அறிவிக்கப்பட்டு, விசாரணை அங்கேயே தொடங்கியது.

“பியானோவிலேருந்து ஏதாவது சத்தம் வந்ததா?” என்று வெளித்தேர்வாளர் கேட்டார்.

“இல்லைன்னு நான் உறுதி கூறுறேன்,” என்றார் நூலகர்.

“டொக்குன்னு ஏதோ கேட்டதே?”

“அது மரம் மரத்தோட மோதற சத்தம் சார். தளவாடக் கணக்கு. இசைக் கணக்குல வராது.”

“அப்படின்னா ரெண்டு பேருமே செவியுறும் வண்ணம் நிகழ்த்தலை. பட்டம் கிடையாது.” வெளித்தேர்வாளர் யோசித்தார். ஒருவருக்கும் பட்டம் தராமல் போனால் துறையை மூடிவிடுவார்கள், துறையை மூடினால் அதற்கு வெளித்தேர்வாளர் எதற்கு? “பொதுமக்கள் காதுல விழற மாதிரி இங்கே யாராவது ஏதாவது நிகழ்த்தினாங்களா?”

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள்.

“நானா? நான் பஞ்சர் ஒட்டறவன் சார்.”

“பஞ்சர் ஒட்டக்கூடாதுன்னு விதியில சொல்லலை.”

“எனக்குப் பியானோ வாசிக்கவே தெரியாது!”

“இன்னிக்கு யார் வாசிச்சதும் யாருக்கும் கேக்கலை. அப்புறம் தெரியும், தெரியாதுன்னு எதை வெச்சுச் சொல்றீங்க?”

இவ்வாறாக அப்பா பியானோவில் முதுகலைப் பட்டம் பெற்றார். கடையில், டியூப்கள் தொங்கும் ஆணிக்குப் பக்கத்தில் அதை மாட்டினார்கள். அம்மா மட்டும், “எங்கேயோ தப்பு நடக்குதுங்க,” என்றாள். ஆனால் உறவுக்காரர்கள் வந்து பார்க்கும்போது அவளும் புதுப் புடவை கட்டிக்கொண்டாள்.

அதற்குள் விமர்சகரின் கட்டுரை வெளிவந்து, மௌன இசை ஊரைப் பிடித்துக்கொண்டது. பூனை, பட்டமே வாங்காத மேதை என்று கொண்டாடப்பட்டான். ஊர் ஊராக நூலகம் நூலகமாகப் போய்க் கையை நகர்த்திவிட்டு வந்தான். தூரத்திலிருந்து கேட்டால்தான் மௌனம் சுத்தமாக இருக்கும் என்று யாரோ சொல்லிவிட, கடைசி வரிசைக்கு அடிதடி நடந்தது. அட்டையில் கறுப்பு வெள்ளைக் கட்டை வரைந்து விற்றார்கள். பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு இதில் பரம திருப்தி. எத்தனை மணி நேரம் பழகினாலும் பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவதில்லை. சில வீடுகளில், “அந்த ரேடியோவை நிறுத்துடா, நல்ல இசை கேக்கணும்,” என்று பெரியவர்கள் அதட்டினார்கள்.

பேராசிரியர் ஓய்வு பெற்று மௌன இசைக் கழகத்தின் தலைவரானார். அவர் இடத்துக்கு ஆள் தேடினார்கள். பொதுமக்கள் காதில் விழுந்து பட்டம் வாங்கியவர் ஊரிலேயே ஒருவர்தான் இருந்தார். அவரைக் கடையிலிருந்து அழைத்துப் போனார்கள்.

“கவலைப்படாதேம்மா,” என்றார் அப்பா, கிளம்பும்போது. “முதல் வேலையா உன்னைச் சத்தமா வாசிக்கவைக்கிறேன். அந்த ஒரு ஆசைக்காகத்தான் அந்த நாற்காலியில உக்காரவே போறேன்.”

அவர் சொன்னது நிஜம்தான். ஆனால் நாற்காலி சுழல் நாற்காலி. உட்கார்ந்த கொஞ்ச நாளில் அப்பா கனைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். பிறகு, பேசாமல் கனைக்க மட்டும் ஆரம்பித்தார். வீட்டில் உப்பு வேண்டுமா என்று கேட்டால், “பார்க்கலாம்,” என்றார். இடி கேட்டபோதெல்லாம், “ஆபீஸ்ல வந்து பாரு,” என்றார். போய்ப் பார்த்தாள். வெளியே பெஞ்சில் காத்திருக்கச் சொன்னார்கள்.

“அப்பா...”

“இங்கே சார்னு சொல்லும்மா. யாராவது கேட்டா என்ன நினைப்பாங்க?”

“சார், எப்ப சார் நான் சத்தமா வாசிக்கிறது?”

அப்பா கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். “நீ சத்தமா வாசிச்சேன்னு வை. ஓகோ, பியானோன்னா இப்படித்தான் இருக்குமான்னு ஊர் பூரா தெரிஞ்சுபோகும். அப்புறம் நான் வாங்கின பட்டம் என்ன ஆகும்? அந்தப் பூனைப் பையன் கதி? நூலகர்? அட்டை விக்கறவங்க? எத்தனை குடும்பம் இதை நம்பி இருக்கு, யோசிச்சியா?”

“உங்களுக்குக் கேக்கணும்னு ஆசையே இல்லையாப்பா?”

அவர் கொஞ்ச நேரம் நாற்காலியைச் சுழற்றாமல் இருந்தார். “இருக்கு,” என்றார் பழைய குரலில். பிறகு கனைத்தார். “ஆனா அது வீட்டு விஷயம். இது நிர்வாகம்.”

மகளுக்காக அவர் ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் பாவம். அவள் பட்டம் வாங்க வசதியாக, சட்டம் படித்தவர்களோடு கலந்துபேசி, விதியைத் திருத்தினார். ‘பொது இடத்தில் அமைதிக்குப் பங்கமின்றி நிகழ்த்தியவர், பொதுமக்களால் கேட்கப்பட்டதாகக் கருதப்படுவார். சத்தம் எழுப்பியவர், சத்தம் எழுப்பியதாகவே கருதப்பட்டு, நிரந்தரமாகத் தகுதி இழப்பார்.’

இடி அழுதாள், சாப்பிடாமல் இருந்தாள், கடைசியில் சரி என்றாள். பட்டம் இல்லாமல் எத்தனை நாள் மேஜையைத் தட்டிக்கொண்டிருப்பது?

பியானோ இன்னும் நூலகத்திலேயேதான் இருந்தது. நூலகத்துக்குள் வந்த எதற்கும் முத்திரை குத்துவது வழக்கம் என்பதால் அதன் மூடியில் குத்தி, எண் போட்டு, ‘வெளியே எடுத்துச் செல்லக் கூடாது’ பகுதியில் சேர்த்துவிட்டார்கள். இரண்டாம் நிகழ்ச்சிக்கு முந்தின நாள், பொருள் இருப்பைச் சரிபார்க்கும் அதிகாரி வந்தார். புத்தகத்தில் பக்கம் இருக்கிறதா என்று புரட்டிப் பார்ப்பதுபோல் பியானோவின் மூடியையும் திறந்து பார்த்தார்.

“உள்ளே இருந்த சாமானெல்லாம் எங்கே?” என்றார்.

நூலகருக்கு வேர்த்துவிட்டது. அரசாங்கச் சொத்தில் பாதியைக் காணோம் என்றால் பென்ஷன் என்ன ஆவது! சுதி சேர்ப்பவருக்கு ஆள் ஓடியது. அவர் கோணிப்பையோடு வந்து சுத்திகளையெல்லாம் மாட்டினார். மாட்டியதோடு நில்லாமல், மனசாட்சிக்குப் பயந்து சுதியும் சேர்த்துவிட்டுப் போனார். அதிகாரி சரிபார்த்தார், ‘குறைவின்றி உள்ளது’ என்று சொன்னார், நூலகர் நிம்மதியாக வீட்டுக்குப் போய்ப் படுத்தார். அவரவர் கடமையை அவரவர் ஒழுங்காகச் செய்ததால் யாரும் யாரிடமும் எதையும் சொல்லவில்லை.

மறுநாள் கூடம் வழிந்தது. கடைசி வரிசைக்குப் பின்னால், வாசற்படியைத் தாண்டியும் ரசிகர்கள் நின்றார்கள். முன்வரிசை நடுவில் அப்பா, கழுத்தில் டை. அவர் பக்கத்தில் வெளித்தேர்வாளர். சிறப்பு விருந்தினர் பூனை.

இடி உட்கார்ந்தாள். எப்படியும் ஒன்றும் வரப்போவதில்லை என்ற தைரியத்தில், தோளிலிருந்து இறக்கி, இரண்டு கையாலும் முதல் அடியை அடித்தாள்.

கூடம் அதிர்ந்தது. ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. பேப்பரைத் தலையணையாக்கித் தூங்கிக்கொண்டிருந்த பெரியவர் எழுந்து உட்கார்ந்தார். பூனைக்கு வாய் பிளந்தது.

இடி நெருப்பைத் தொட்டவள்போலக் கையை எடுத்துவிட்டாள். அந்த ஒலி இன்னும் கூரையடியில் நின்றுகொண்டிருந்தது. அவள் அப்பாவைப் பார்த்தாள். பாதி எழுந்த நிலையில், நாற்காலிக் கையைப் பிடித்தபடி, அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே ஓர் அடிதான், கை தவறிவிட்டது என்று சொல்லித் தப்பித்துக்கொண்டிருக்கலாம். புத்தியுள்ளவர்கள் அப்படித்தான் செய்திருப்பார்கள். இடி கையை மறுபடியும் கட்டைமேல் வைத்தாள்.

அப்புறம் அவள் நிறுத்தவே இல்லை. மேஜையில் வருஷக்கணக்காகத் தட்டியதெல்லாம் இப்போது ஒலியாக வந்தது. இடிக்க வேண்டிய இடத்தில் இடித்தாள். யாருமே எதிர்பார்க்காத இடத்தில், இவளா இது என்னும்படி, அத்தனை மெதுவாக இறங்கினாள். புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு போன ஒரு பெண் நடைவழியிலேயே நின்றுவிட்டாள். விமர்சகர் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பக்கத்து ஆளிடம் எதுவும் சொல்லவில்லை. அப்பா அழுதார். டையை எடுத்து முகத்தைத் துடைத்துத் துடைத்து, அது நனைந்துபோய்க் கிடந்தது.

முடிந்ததும் யாரும் கையை உயர்த்தவில்லை, ஆட்டவில்லை. எழுந்து, ஒருவரையொருவர் பார்க்காமல், வாசலைப் பார்த்து நடந்தார்கள். வாசலில் நூலகர் நின்றார். நூலகத்தில் சத்தம் கேட்டதென்றால் விசாரணை வரும். விசாரணை வந்தால், கேட்டவர்கள் அத்தனை பேரும் கூப்பிடும்போதெல்லாம் அலுவலகத்துக்கு வந்து சாட்சி சொல்ல வேண்டும். இதைப் பணிவாக எடுத்துச் சொல்லி, ஒவ்வொருவரையும் விசாரித்துத்தான் வெளியே விட்டார்.

“உங்களுக்கு ஏதாவது சத்தம் கேட்டுதா?”

“இல்லையே,” என்றார் விமர்சகர். “ஆனா பிரமாதமான மௌனம்.”

“நான் தூங்கிட்டேன்பா,” என்றார் பேப்பர் பெரியவர். அவர் கண் சிவந்திருந்தது.

“எனக்கா? சேச்சே,” என்றான் பூனை. அடுத்த ஊரில் நிகழ்ச்சி இருப்பதாகச் சொல்லிவிட்டு ஓடினான்.

வெளித்தேர்வாளர் கொஞ்சம் நின்று யோசித்தார். “விதிப்படி கேட்டதாகக் கருதறேன். ஆனா கேக்கலை.”

இப்படி ஒவ்வொருவராகப் போய், கடைசியில் அப்பா வந்தார். நூலகர் மரியாதையாகக் குனிந்து, “சார், உங்களுக்கு?” என்றார்.

அப்பா திரும்பி மகளைப் பார்த்தார். கேட்டது என்று சொன்னால் அவள் பட்டம் போய்விடும். அவருடையதும் போய்விடும், நாற்காலியும் போய்விடும். எதை நினைத்தார் என்று இடியால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவர் கன்னம் இன்னும் காயவில்லை.

“எனக்கு ஒண்ணும் கேக்கலை,” என்றார்.

நூலகர் அவளிடம் திரும்பினார். “உனக்கும்மா?”

இடியின் காதுக்குள் கடைசிச் சுரம் இன்னும் ரீங்கரித்துக்கொண்டிருந்தது. விரல் நுனியெல்லாம் எரிந்தது. ஒரே ஒரு வார்த்தை சொல்லலாம் என்று வாயைத் திறந்தாள்.

“கேக்கலை சார்,” என்றாள்.

முதல் வகுப்பில் தேறினாள்.